கூதிர்ப் பருவத்தில் வீட்டிலும் வழியிலும் கவனிக்க வேண்டியவை

குளிர்காலத்து அபாயம் என்றால் மேல்நாட்டார் உறைபனியையும் வழுக்கும் சாலையையும் கருதுவர். சிவகங்கைச் சீமையில் அவை இல்லை. இங்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் இடியும், மார்கழி, தையில் மூடுபனியும் சேர்ந்ததே குளிர்காலமாகும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்திலேயே பெய்கிறது. கண்மாயையும் ஊருணியையும் நம்பியுள்ள கானாடுகாத்தான் பகுதிக்கு அம்மழை உயிர் போன்றது. எனினும் அதே மழையை ஒட்டி உயிர்ச்சேதமும் நேர்கின்றது. அதிற் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே.

புழுதியில் விதைத்த நெல்லுக்குக் களையெடுக்கும் காலமும் இடி மிகுந்த காலமும் ஒன்றாக அமைந்து விடுகின்றன. பிற்பகலில் மேகம் திரண்டு முழங்கும்போது, இன்னும் நாலு பாத்திதானே என்று ஆட்களை வயலில் நிறுத்தி வைக்கும் வழக்கம் மிகத் தவறானது. இடியோசை ஒரு கிலோமீட்டர் தூரம் வருவதற்கு ஏறக்குறைய 3 விநாடி ஆகும். ஆகையால் மின்னலைக் கண்டது முதல் 30 விநாடிக்குள் இடி கேட்குமாயின், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கின்றதென்று அறியலாம். அக்கணமே வேலையை நிறுத்திக் கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்த பின்னரே மீண்டும் வயலில் இறங்கலாம். பனையடியிலும் புளியடியிலும் ஒதுங்குவது அபாயத்தைத் தேடிச் செல்வதாகும். நாற்புறமும் திறந்த கொட்டகை மழையைத் தடுக்குமேயன்றி மின்னலைத் தடுக்காது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பது வீண் பயம். அவரைத் தாராளமாகத் தொட்டு உதவலாம். மூச்சு நின்றிருப்பின் தாமதமின்றி மார்பை அழுத்தி மூச்சு வருவிக்க முயல வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும் வேண்டும்.

அரைநாட் கூலி போய்விடுமே என்று அஞ்சிப் பெண்டிர் தாமாக வரப்பேற மாட்டார்கள். இடியினால் வேலை நின்றாலும் முழுக்கூலி உண்டென்று நிலச்சுவான்தார் காலையிலேயே சொல்லி விடுதல் உத்தமம். இதனால் அவருக்கு ஏற்படும் செலவு சொற்பமே.

வீட்டைப் பற்றிச் சொல்லப்புகின், கானாடுகாத்தானில் வீடு கட்டிய முன்னோர் மழையை நன்கு அறிந்தவர்கள். உயர்ந்த அடித்தளமும், ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் விழும் நீரைத் தெருக் கால்வாய் வழியே ஊருணிக்குச் சேர்க்கும் ஏற்பாடும் இதற்குச் சான்று. இன்று அவ்வீடுகளிற் பல ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்க, முற்றத்து மடை இலையடைத்து நீர் தேங்குகின்றது. அண்டாவிலும் தொட்டியிலும் மழைநீர் நிற்கின்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏழு முதல் பத்து நாட்களே போதுமாதலால், காவற்காரர் வாரத்திற்கொரு முறை கதவைத் திறந்து நீரைக் கவிழ்த்தல் அவசியம். பேரூராட்சியார் சாவி வைத்திருப்போரின் பட்டியலை ஐப்பசிக்கு முன்னரே எழுதி வைத்துக் கொள்வது நலம். மாடு கட்டும் பழைய மண்சுவர் ஊறிப் பிளந்திருந்தால் அதனருகே எவரும் படுக்கலாகாது.

வளையில் நீர் புகுந்தால் பாம்பு மேட்டை நாடும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பது. கடிபட்ட இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா. விடியலில் வயிற்று வலியும் கண்ணிமைச் சரிவும் கண்டால் ஐயுற வேண்டும். கட்டிலும், நன்கு செருகிய கொசுவலையும் இதற்குச் சிறந்த காப்பு. கடிவாயைக் கீறுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீமையே செய்யும். கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசினர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை வழியாக மேற்கே சென்றபோது, மரங்களும் மின்கம்பங்களும் திரளாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய சமயத்தில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று எண்ணுவதே பெரும் ஆபத்து. மின்வாரியத்தார் வந்து சொல்லும் வரை மனிதரையும் மாட்டையும் அண்ட விடாமல் காவல் வைத்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். புயல் நடுவில் காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வருதல் கூடாது. மறுதிசையிலிருந்து மீண்டும் வீசும். பன்றிக்கு அஞ்சி வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். அது சட்டவிரோதம், ஈரநிலத்தில் அது எவரைக் கொல்லுமென்று சொல்ல இயலாது.

கலுங்கு மறுகால் பாயும்போது தரைப்பாலத்தைக் கடப்பது பழகிய வழிதானே என்ற துணிவினால் நேர்வது. முழங்காலளவு ஓடும் நீர் ஆளைச் சாய்க்கும். இரண்டடி நீர் காரையும் இழுத்துச் செல்லும். நீருக்கடியில் பாலம் இருக்கின்றதா என்பதும் தெரியாது. ஆகையால் கிராம நிர்வாக அலுவலர் இரு கரையிலும் கயிறு கட்டி ஆள் நிறுத்துதல் வேண்டும்.

தையில் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிற் கூடிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்கின்றன. வெயிலுக்கு முன் நடக்க விரும்பி யாத்திரிகர் பின்னிரவிலேயே புறப்படுவர். அவ்வேளையிலேயே பனியும் மூடும், லாரி ஓட்டுவோருக்கு உறக்கமும் வரும். சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஒற்றை வரிசையில் நடத்தலே முறை. முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டி, வரிசையின் முன்னும் பின்னும் விளக்குடன் ஆள் செல்ல வேண்டும். அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டிகளும் டிராக்டர்களும் அதே நாட்களில் அதே சாலைக்கு வருகின்றன. அவற்றின் பின்புறம் சிவப்பு ஒளித்தகடு அறைந்திருத்தல் மட்டும் போதாது. தொங்கும் வைக்கோல் அதனை மறைக்காதபடி பாரத்தைக் கட்டி, ஊர் எல்லை தாண்டுமுன் வண்டிக்காரர் ஒருமுறை இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.