கரும்பலகையே ஆய்வுக்கூடம்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல் – இயற்பியல் மாணவர்)

ஆய்வுக்கூடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? கண்ணாடிக் குடுவைகள், கம்பிச் சுருள்கள், மின்னளவிகள், அவற்றின் நடுவே வெள்ளை அங்கி அணிந்த அறிஞர்கள். ஆனால் இவற்றுள் ஒன்றும் இல்லாத ஆய்வுக்கூடமும் உலகில் உண்டு. நம் சென்னையிலேயே, தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் அத்தகையது. இந்திய அரசின் அணுசக்தித் துறையின் ஆதரவில் இயங்கும் இந்நிறுவனத்தில் துகள் இயற்பியலை ஆராயும் கோட்பாட்டாளர் குழு ஒன்று இருக்கின்றது. அவர்களுடைய கருவிகள் கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், கணினி ஆகியவையே. இவற்றைக் கொண்டே அணுவுக்குள் அணுவாய் விளங்கும் அடிப்படைத் துகள்களின் இயல்பை அவர்கள் ஆராய்கின்றனர்.

இந்நிறுவனத்தைப் பற்றி நான் வீட்டில் ஒருநாள் சொல்லிக் கொண்டிருந்தேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக வேலை பார்க்கும் என் தந்தையார் உடனே கேட்டார்: “மிஷினே இல்லாம என்னப்பா ஆராய்ச்சி? அங்க என்னதான் செஞ்சு வெளியே அனுப்புறாங்க?”

நியாயமான கேள்வியே. நம் ஆவடியிலும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் என்னும் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கின்றது. அதன் உழைப்பின் பயனாக அர்ஜுன் டாங்கி உருவாயிற்று. அதைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம். தரமணியில் உருவாவது யாது? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிராயிங்கும் கேஜும்

விடையை நம் தொழிற்பேட்டையிலிருந்தே தொடங்கலாம். பட்டறைக்கு ஒரு வேலை வரும்போது இரும்புக்கு முன்னே டிராயிங் வருகின்றது. விட்டம் 25 மி.மீ., கூடுதல் குறைவு 0.02 மி.மீ. என்று அதில் குறித்திருக்கும். கடைந்தெடுத்த உருப்படியைக் கேஜில் இட்டுப் பார்ப்பர். கேஜ் ஒப்புக்கொண்டால் ஓ.கே.; இல்லையேல் ரிஜெக்ட்.

சில சமயம் இம்முறை தலைகீழாவதும் உண்டு. பழைய இறக்குமதி இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்துவிடும். அதன் டிராயிங் எவரிடமும் இராது. அப்போது உடைந்த பாகத்தையே சாம்பிளாக வைத்து, அதை அளந்து, தேய்ந்து போன பகுதி முதலில் எவ்வாறு இருந்திருக்கும் என்று யோசித்துப் புதிய டிராயிங் போடுவர். அந்த டிராயிங் சரிதானா என்பது புதிய பாகம் இயந்திரத்தில் பொருந்தும்போதுதான் தெரியும்.

கோட்பாட்டு இயற்பியலாளரின் பணி இதுவே. இயற்கை என்னும் இயந்திரம் நம்முன் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதன் டிராயிங் மட்டும் நம் கையில் இல்லை. கண்ட பகுதிகளைக் கொண்டு காணாத பகுதிகளையும் உள்ளடக்கிய டிராயிங்கைக் கணித மொழியில் வரைபவர் கோட்பாட்டாளர். கேஜ் பிடித்துச் சோதிப்பவர் பரிசோதனையாளர். சோதிக்க இடந்தராத டிராயிங்குக்கு அறிவியலில் மதிப்பில்லை.

இதுவரை வரையப்பட்ட டிராயிங்கின் சுருக்கம் பின்வருமாறு. பொருள்கள் யாவும் 12 அடிப்படைத் துகள்களின் கணக்கில் அடங்கும். அவற்றுள் ஆறு குவார்க்குகள், ஆறு லெப்டான்கள். எலெக்ட்ரானும் மூவகை நியூட்ரினோக்களும் லெப்டான் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றிடையே விசைகளைக் கடத்தும் துகள்கள் வேறு உள்ளன. துகள்கள் நிறை பெறும் வகையை விளக்க 1964-இல் தாளில் எழுதப்பட்ட ஹிக்ஸ் துகள், 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவுக்கு அருகில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் முடுக்கியில் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தாளுக்கும் கேஜுக்கும் இடையே 48 ஆண்டுகள்!

மயிலாப்பூர் வீட்டில் பிறந்த நிறுவனம்

தரமணி நிறுவனத்தின் பிறப்பு சுவையானது. அதை நிறுவியவர் பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணன். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் பணியாற்றிய சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் புதல்வர். ஹோமி பாபாவிடம் அண்டக்கதிர்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கியவர். 1957-58-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர்கல்வி நிறுவனத்தில் ஓராண்டு தங்கித் திரும்பியபின், அத்தகைய சூழலைச் சென்னை மாணவர்களுக்கும் அளிக்க விரும்பினார். அதற்கெனக் கட்டடம் இல்லை. ஆகவே மயிலாப்பூரில் தம் இல்லமான ‘ஏகாம்ர நிவாஸ்’ஸிலேயே கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டு அறிஞர்கள் பலர் அவ்வீட்டிற்கு வந்து மாணவர்களிடையே உரையாற்றினர்.

1960-இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் அக்குழுவைக் கண்டு பாராட்டினார். செய்தி பிரதமர் நேருவின் காதுக்கு எட்டியது. தமிழகக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முயற்சி மேற்கொண்டார். 1962 ஜனவரி 3 அன்று சென்னை மாநிலக் கல்லூரியில், அக்கல்லூரியின் பழைய மாணவரான விண்ணியற்பியலறிஞர் எஸ். சந்திரசேகர் கலந்துகொண்ட விழாவில் நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஓர் அரசுக் கல்லூரியின் கூரையின் கீழ்தான் அது முதலில் கண் விழித்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். பின்னரே தரமணியில் அதற்குத் தனி வளாகம் அமைந்தது. இராமகிருஷ்ணன் 1983 வரை அதன் இயக்குநராக விளங்கினார்.

கேஜ் தவறிய கதை

அவருக்குப்பின் 1984-இல் இயக்குநர் பொறுப்பேற்றவர் ஈ.சி.ஜி. சுதர்சன். கேரளத்தில் கோட்டயம் அருகில் பிறந்து, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அவருடைய புகழ்பெற்ற ஆய்வு கோட்பாட்டாளரின் துணிவுக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

சில அணுக்கருக்கள் தாமே சிதைந்து எலெக்ட்ரானை வெளியிடுகின்றன. இதற்குக் காரணமான மென்விசையின் வடிவம் என்ன என்பது 1957-இல் பெரும் புதிராக இருந்தது. ஐந்து வடிவங்களுக்கு இடமிருந்தது. ஒரு சோதனை ஒன்றைச் சுட்டியது. மற்றொரு சோதனை வேறொன்றைச் சுட்டியது. அமெரிக்காவில் ராபர்ட் மார்ஷக்கிடம் ஆய்வு மாணவராக இருந்த சுதர்சன், அதுவரை வெளிவந்த சோதனை முடிவுகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். ‘வி’ என்றும் ‘ஏ’ என்றும் குறிக்கப்படும் இரு வடிவங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாற்போல் இணைந்து வரும் ‘வி–ஏ’ அமைப்பே பொருந்தும் என்று கண்டார்.

ஆனால் நான்கு சோதனைகள் இதற்கு எதிராக நின்றன. சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? கேஜ் மறுத்துவிட்டது என்று டிராயிங்கைக் கிழித்துப் போடுவோம். சுதர்சனும் மார்ஷக்கும் அவ்வாறு செய்யவில்லை. அந்நான்கு சோதனைகளையும் மீண்டும் செய்து பார்க்க வேண்டும் என்று துணிந்து எழுதினர். அவற்றுள் ஒன்று, பையான் என்னும் துகள் எலெக்ட்ரானாகச் சிதைவதே இல்லை என்று காட்டியிருந்தது. 1958-இல் செர்ன் ஆய்வகத்தில் மீண்டும் தேடினர். ஏறத்தாழப் பதினாயிரம் சிதைவுகளுக்கு ஒன்று என்ற அளவில் அது நிகழ்வதைக் கண்டனர். மற்ற சோதனைகளும் பின்னர் வி–ஏ வடிவத்திற்கே சான்று பகர்ந்தன. டிராயிங் நின்றது, கேஜ்தான் திருத்தப்பட்டது.

டிராயிங் திருந்திய கதை

எப்போதும் கோட்பாட்டாளரே வெல்வார் என்று எண்ணிவிடலாகாது. அடுத்த கதை அதைத் தெளிவாக்கும். அதன் நாயகன் நியூட்ரினோ.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகமளவு இடத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் ஊடுருவிச் செல்கின்றன. நாம் உணர்வதில்லை, பூமியும் தடுப்பதில்லை. இவற்றைப் பிடிக்க வேண்டுமானால் மற்றக் கதிர்கள் எட்டாத ஆழத்திற்குச் செல்ல வேண்டும். அம்பத்தூர், ஆவடி வழியாக நாள்தோறும் ஓடும் பெங்களூர் இரயில்களைப் பார்க்கின்றோம் அல்லவா? அவை செல்லும் வழியில் பங்காருப்பேட்டை வரும். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலுக்குச் செல்கின்றது. பழைய வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த சுரங்கம் அது. அங்கே ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் சேர்ந்து 1965-இல் காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது. கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பெயர் அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

1998-இல் ஜப்பானில் நிகழ்ந்த சோதனை ஒரு வியப்பை வெளிப்படுத்தியது. மூவகை நியூட்ரினோக்களும் பறக்கும்போதே ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன! எனவே அவற்றுக்கு நிறை இருக்க வேண்டும். அவை எந்த விகிதத்தில் கலக்கின்றன? அதற்கு ஏதேனும் ஒழுங்கு உண்டா?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், தரமணி நிறுவனத்தில் பணியாற்றிய பேராசிரியர் கோ. இராஜசேகரன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் பிறந்தவர், 2023-இல் மறைந்தார். அவரும் அமெரிக்காவிலிருந்த எர்னஸ்ட் மாவும் 2001-இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். அதை எளிதில் விளக்கலாம். நான்கு சமபக்க முக்கோணங்களை ஒட்டி ஒரு நான்முகி செய்து கொள்ளுங்கள். ஒரு முனையை மேலே நிறுத்தி, அடியைச் சுழற்றுங்கள். அடியிலுள்ள மூன்று முனைகளும் இடம் மாறும். ஆனால் நான்முகியின் தோற்றம் மாறாது. இவ்வாறு தோற்றம் மாறாமல் அதை வைக்கும் முறைகள் மொத்தம் 12. இச்சமச்சீருக்குக் கணிதத்தில் ஏ-4 என்று பெயர். மூன்று முனைகள் ஒன்றையொன்று இடம் மாற்றிக்கொள்வது போல மூன்று நியூட்ரினோக்களும் ஒரு சமச்சீரால் பிணைக்கப்பட்டிருக்கலாம் என்பதே அக்கருத்து.

உலகெங்கும் பலர் இதைப் பின்பற்றி விரித்தனர். அவ்வாறு எழுந்த எளிய வடிவங்கள் பல, கலப்புக் கோணங்கள் மூன்றனுள் ஒன்று சுழியம் என்று கூறின. 2012-இல் சீனாவின் டாயா பே சோதனையும் கொரியாவின் ரெனோ சோதனையும் அக்கோணத்தை அளந்தன. அது சுழியமன்று, ஏறத்தாழ எட்டரை டிகிரி! இம்முறை கேஜ் தவறவில்லை. அந்த எளிய வடிவங்கள் ரிஜெக்ட் ஆயின. கோட்பாட்டாளர் மீண்டும் கரும்பலகைக்குச் சென்று டிராயிங்கைத் திருத்தலாயினர். இன்றும் அப்பணி முடியவில்லை.

ஒரு கதையில் சோதனை திருந்தியது. மறு கதையில் கோட்பாடு திருந்தியது. இரண்டிலும் எவருடைய பதவியும் பெயரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அளவு ஒன்றே தீர்ப்புச் சொன்னது.

பயன் என்ன?

‘நான்முகியைச் சுழற்றினால் அரிசி விலை குறையுமா?’ என்று கேட்பவர் கேட்கலாம். நியூட்ரினோவின் கலப்புக் கோணம் இன்று ஒரு விளக்கையும் ஏற்றவில்லை என்பது உண்மையே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்வோம். 1928-இல் டிராக் என்னும் ஆங்கிலேய இளைஞர் எலெக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். எலெக்ட்ரானுக்கு எதிர்த்துகள் ஒன்று இருக்க வேண்டும் என்பது அதிலிருந்தே பெறப்பட்டது. 1932-இல் அண்டக்கதிரில் அது அகப்பட்டது. அதுவே பாசிட்ரான். அந்நாளில் அதனால் எவருக்கும் காசு பயனில்லை. இன்றோ புற்றுநோயின் பரவலைக் கண்டறியும் ‘பெட் ஸ்கேன்’ அத்துகளால்தான் இயங்குகின்றது. நம் உறவினர் எவரேனும் அக்கருவிக்குள் படுத்திருக்கக்கூடும். அவர் உடலில் நோய் இருக்கும் இடத்தைக் காட்டுவது ஒரு காலத்தில் தாளில் மட்டுமே இருந்த துகள்!

இன்னொரு பயனும் உண்டு. 2004-இல் இதே தரமணியில், குவார்க்குகளின் கணக்கைப் போடுவதற்காகச் சாதாரணக் கணினிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இணைத்துக் ‘கப்ரு’ என்னும் பெருங்கணினியை அமைத்தனர். உலகின் வேகமிக்க 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. கடினமான கணக்கு புதிய கருவியைப் பிறப்பிக்கின்றது. புதிய கருவி அதை இயக்கவல்ல இளைஞரை உருவாக்குகின்றது.

மக்களிடம் இவற்றை எடுத்துரைப்பதும் ஒரு கடமையே. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கடியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஆனால் மலைக்கும் நீருக்கும் காட்டுயிருக்கும் கேடு வருமோ என்ற அச்சம் அப்பகுதி மக்களிடையே எழுந்தது. 2022-இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற இக்கட்டுரை முற்படவில்லை. ஆயின், நியூட்ரினோ என்பது யாது, அதனால் தீங்கு உண்டா, மலையைக் குடைவதால் நேர்வது என்ன என்பவற்றையெல்லாம் தெளிந்த தமிழில் முன்கூட்டியே உரைத்தல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

நமக்கும் இடமுண்டு

நண்பர்களே! அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து வரும் நம்மில் பலர், தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர்கள்; நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ‘இத்தகைய ஆராய்ச்சி நமக்கு ஏது?’ என்னும் தயக்கம் இயல்பே. முதுகலை இயற்பியல் முடித்தவர், ‘ஜெஸ்ட்’ என்னும் நுழைவுத் தேர்வில் தேறி, நேர்காணலிலும் வென்றால், உதவித்தொகையுடன் அங்கே முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம். அந்நேர்காணலில் சட்டையின் விலையைப் பார்ப்பதில்லை. கரும்பலகை முன் நின்று கணக்கைப் போடச் சொல்வர். இதற்கு வேண்டுவன கணிதப் பயிற்சியும், அடிப்படைகளில் தெளிவும், விடாமுயற்சியுமே. முதலாண்டிலேயே வகைநுண்கணிதத்தையும் அணிகளையும் தேர்வுக்காக அன்றிப் பொருளுணர்ந்து பயிலத் தொடங்குவோமாயின் பாதித் தொலைவைக் கடந்தவராவோம்.

நூறில் ஒரு மில்லிமீட்டருக்கும் பிழை பொறுக்காத தொழிலாளர் வாழும் பகுதி நம்முடையது. அளவுக்கு அஞ்சுதலும் அளவை மதித்தலும் நமக்குப் பிறவியிலேயே வாய்த்த பயிற்சி. இயற்கையின் டிராயிங்கை வரையும் பணிக்கும் அதே நேர்மைதான் முதலீடு. அந்த முதலீட்டோடு நாமும் முயல்வோமாக.