பம்ப் ஷாப்டுக்கு உள்ளூரிலேயே சாணை
லேத் பட்டறைகள் தாமே செய்துகொள்ளக்கூடிய துணைக் கருவி

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பில்டர் பாயிண்டை நம்பிப் பயிர் செய்யும் உழவர்கள் பலர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வந்து, பிறகு வாய்க்கால்களில் பாய்வதற்கு முன்பே நாற்றங்கால் விட வேண்டுமானால் பம்ப்செட்தான் துணை. அந்த நேரத்தில் பம்ப் நின்றுவிட்டால் நாற்று காய்ந்துவிடும். கதிர் வரும் பருவமானால் விளைச்சலே குறைந்துவிடும்.

கிளாண்டு கயிறு வைத்த பம்புகளில் அடிக்கடி பழுதாவது ஷாப்ட். தண்ணீரோடு வரும் நுண்மணல் கயிற்றில் சிக்கிக்கொண்டு, ஷாப்டை அரம் போல் அறுத்துப் பள்ளம் ஆக்குகிறது. ஒழுக்கு அதிகமானதும் கிளாண்டு நட்டை இறுக்கி விடுவது உழவர்களிடம் உள்ள வழக்கம். இது தவறு. கிளாண்டிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும்; அந்த நீரே ஷாப்டைக் குளிர்விக்கிறது. அடியோடு இறுக்கினால் பள்ளம் இன்னும் விரைவில் விழும்.

தேய்ந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் கடைந்து கொடுப்பது பட்டறைகளின் வழக்கம். ஆனால் டூல் கடைந்த பரப்பில் நுண்ணிய மரை போன்ற கோடுகள் இருக்கும். கைக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் அவை புதுக் கயிற்றைத் தின்றுவிடும். பேரிங் உட்காரும் இடத்திலோ 0.01 மி.மீ. வேறுபாடுகூடப் பொருட்படுத்த வேண்டியது. அதற்குச் சாணைதான் ஏற்றது. சாணை எந்திரம் உள்ள ஊருக்கு அனுப்பினால் நாட்கள் போகும். லேத்திலேயே பொருத்தக்கூடிய சாணைக் கருவியை ஓரளவு திறமையுள்ள பட்டறைக்காரர் தாமே செய்துகொள்ளலாம்.

இதன் உயிர்நாடி சுழல்தண்டு. தடித்த இரும்பு உருளை ஒன்றை லேத்தில் பிடித்து, இரு முனையிலும் பேரிங் உட்காரும் குழிகளை, வேலையைக் கழற்றாமல் ஒரே பிடிப்பில் குடைய வேண்டும். கழற்றி மாட்டினால் இரண்டும் நேர்கோட்டில் அமையாது. சாதாரணப் பேரிங்கைவிட, ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, சிறிதும் ஆட்டமில்லாதபடி இறுக்குவது நலம். இதை டூல் போஸ்டைக் கழற்றிய இடத்தில் கனமான தகட்டின் மேல், லேத் சென்டரின் உயரத்திற்கே சரியாகப் பொருத்த வேண்டும். அதே தகட்டில் 2,800 சுற்று ஓடும் அரைக் குதிரைத் திறன் மோட்டாரை ஏற்றி, மோட்டாரில் 100 மி.மீ. புல்லியும் சுழல்தண்டில் 55 மி.மீ. புல்லியும் போட்டு பெல்ட் மாட்டினால், தண்டு நிமிடத்திற்குச் சுமார் 5,000 சுற்று சுற்றும். 100 மி.மீ. சாணைச் சக்கரத்திற்கு இது பொருத்தமான வேகம்.

செலவு குறைவு என்று கை கிரைண்டரையே டூல் போஸ்டில் கட்டி வேலை செய்பவர்களும் உண்டு. சுமார் 11,000 சுற்று ஓடும் அந்தக் கருவியில் சாதாரண 100 மி.மீ. சாணைக்கல்லை மாட்டுவது உயிருக்கே ஆபத்து. கல் வெடித்துச் சிதறும். கல்லின் மேல் அச்சிட்டுள்ள உச்ச வேகத்தைப் படிக்காமல் எதையும் மாட்டக் கூடாது. மாட்டுமுன் கல்லைத் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கிறது, எறிந்துவிட வேண்டும். கல்லைச் சுற்றி முக்கால் பாகமாவது கெட்டியான இரும்புத் தகட்டு மூடி அவசியம். மோட்டாருக்கு எர்த் இணைப்பும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

வெல்டிங் சூட்டில் ஷாப்ட் வளைந்திருக்கலாம். ஆகவே முதலில் டயல் கேஜ் வைத்துப் பார்த்து நேராக்கி, 0.2 முதல் 0.3 மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்துகொள்ள வேண்டும். பிறகு ஷாப்டைச் சென்டர்களுக்கிடையே பிடித்து மெதுவாகச் சுற்றவிட வேண்டும். 25 மி.மீ. ஷாப்டுக்கு நிமிடத்திற்கு 200 சுற்று போதும். கல்லும் ஷாப்டும் தொடும் இடத்தில் எதிரெதிராக நகர வேண்டும். லேத்தை ரிவர்ஸில் ஓட்டி, கல் அங்கே கீழ்நோக்கிச் செல்லும்படி அமைத்தால் பொறி கீழே விழும்.

ஒரு முறைக்கு 0.01 முதல் 0.02 மி.மீ. வரைதான் எடுக்கலாம். பழைய லேத்தில் அவ்வளவு நுட்பமாக நகர்த்துவது எப்படி என்று கேட்பார்கள். மேல் ஸ்லைடை, லேத்தின் பெட்டுக்கு ஏறக்குறைய 6 டிகிரி சாய்வாகத் திருப்பி வைத்து, சுழல்தண்டை மட்டும் பெட்டுக்கு இணையாகச் சரிசெய்தால், ஸ்லைடை 0.1 மி.மீ. நகர்த்தும்போது கல் 0.01 மி.மீ. மட்டுமே முன்னேறும். கடைசி இரண்டு மூன்று முறை கல்லை முன்னேற்றாமல் ஓட்டினால் நல்ல வழவழப்பு வரும். கல்லின் முகத்தை வைர முனையால் அவ்வப்போது சீவிக்கொள்ள வேண்டும்.

இக்கருவியில் ஒரு குறை உண்டு. சாணைப் பொடி பெட்டின் மேல் படிந்தால் லேத்தையே தேய்த்துவிடும். கல்லுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, பெட்டைத் தகட்டால் மூடிக்கொள்ள வேண்டும். சுழலும் சக்கின் அருகே தளர்ந்த துணி கூடாது. வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து எண்ணெய் இட்ட பிறகே அடுத்த வேலையை ஏற்ற வேண்டும். உழவர்களும் ஷாப்டை வாங்குமுன், கிளாண்டுப் பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். நகத்தில் கோடு தட்டினால் திரும்பக் கொடுத்து மறுபடி சாணை பிடிக்கச் சொல்லுங்கள்.