செவிசாய்க்காத நடுவரும் கோச்சபாம்பா மக்களும்

லூக்கா நற்செய்தி 18ஆம் பிரிவில் வரும் கைம்பெண்ணின் உவமையை, இடைவிடாத செபத்திற்கு எடுத்துக்காட்டாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது சரியே, லூக்காவும் அப்படித்தான் அதை அறிமுகம் செய்கிறார். ஆனால், அப்பெண் நடுவரிடம் கேட்டது இரக்கத்தை அல்ல, நீதியை. அவருக்காகப் பரிந்து பேச எவரும் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. மீண்டும் மீண்டும் போய் நிற்பது ஒன்றே அவரால் முடிந்தது.

தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில், கோச்சபாம்பா நகர மக்களும் 2000ஆம் ஆண்டில் அப்படித்தான் போய் நின்றார்கள். அந்நகரின் குடிநீர் வழங்கும் பொறுப்பு, 1999ஆம் ஆண்டு, 40 ஆண்டு கால ஒப்பந்தத்தில் 'அகுவாஸ் டெல் துனாரி' என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் அதில் முக்கியப் பங்குதாரர். ஏலத்தில் கலந்துகொண்டது இந்த ஒரே குழுமம்தான்! இலாபத்திற்கு உறுதி தரப்பட்டது, மக்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. சில வாரங்களிலேயே பல குடும்பங்களின் தண்ணீர்க் கட்டணம் இருமடங்கானது. மக்கள் தாங்களே கூடித் தோண்டிய கிணறுகளும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் எழுந்தது.

மக்கள் முதலில் முறைப்படியே கேட்டனர். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர்களே நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 50,000 பேர் பங்கேற்றனர், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒப்பந்தம் வேண்டாம் என்றனர். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. ஏப்ரலில் நகரமே வீதிக்கு வந்தது. கோச்சபாம்பா பேராயர், சலேசிய சபையைச் சேர்ந்த டிட்டோ சொலாரி, அரசுக்கும் மக்களுக்கும் இடையே சமரசம் பேசினார். ஏப்ரல் 8 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று 17 வயது மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 10 அன்று அரசு ஒப்பந்தத்தைக் கைவிட்டது.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. உலக வங்கியைச் சார்ந்த நடுவர் மன்றத்தில் ஏறக்குறைய 2 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தது. கதவடைத்து நடக்கும் மன்றம் அது, தங்களையும் விசாரணையில் சேர்த்துக்கொள்ளுமாறு கோச்சபாம்பா மக்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆனால், பல நாடுகளிலிருந்தும் எழுந்த கண்டனத்திற்குப்பின், 2006ஆம் ஆண்டு சனவரியில், வெறும் 2 பொலிவியானோ பெயரளவுத் தொகையோடு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. நேர்மையற்ற நடுவர் இறுதியில் தொல்லை தாங்காமல்தானே இறங்கி வந்தார்!

2004ஆம் ஆண்டு வெளியான திருஅவையின் சமூகப் படிப்பினைத் தொகுப்பு, தண்ணீரை மற்றுமொரு விற்பனைப் பொருளாகக் கருத இயலாது என்கிறது. விநியோகம் தனியாரிடம் சென்றாலும், அது பொதுச் சொத்தாகவே நீடிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' திருமடலில், பாதுகாப்பான குடிநீரை அடிப்படை மனித உரிமை என்றே குறிப்பிட்டார்.

வெற்றிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நிர்வாகம் மீண்டும் நகராட்சி நிறுவனமான செமாப்பாவிடம் வந்தது. ஆனால், ஊழலும் நிர்வாகச் சீர்கேடும் அங்கும் தொடர்ந்தன. நகரின் தெற்குப் பகுதி ஏழைகள், போராட்டம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், குழாய் இணைப்பின்றி லாரித் தண்ணீரைக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். பல குடியிருப்புகளில் மக்களே தண்ணீர்க் கூட்டுறவு அமைப்புகளை நடத்தினார்கள், நகராட்சியின் கதவையும் தொடர்ந்து தட்டினார்கள்.