வீட்டில் சேரும் காகிதம்

திண்டுக்கல் பூட்டு நாடறிந்தது. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் அத்தகைய பூட்டொன்று தொங்கும் இரும்புப் பெட்டியைக் காணலாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது என்ன? நிலத்தின் கிரயப் பத்திரத்தின் மேல் நகைக்கடை விளம்பரம்; சங்கத்துப் பாஸ் புத்தகத்தின் அடியில் என்றோ நடந்த திருமணத்தின் அழைப்பிதழ்; பழைய ரசீதுகளுக்கு நடுவே மகளின் மாற்றுச் சான்றிதழ். பூட்டில் குறையில்லை. காக்கவேண்டியது எது, கழிக்கத்தக்கது எது என்னும் பாகுபாடுதான் இல்லை.

இக்காகிதங்கள் நாம் வேண்டிப் பெற்றவை அல்ல. பத்திரிகையின் மடிப்பில் துணிக்கடை நோட்டீசு வருகிறது. கோடை வந்தால் கல்லூரிகளின் விளம்பரம் வருகிறது. பரிசாகக் கார் விழுந்திருப்பதாகவும், முன்பணம் கட்டினால் அனுப்புவதாகவும் கூறும் கடிதங்களும் தபாலில் வருவதுண்டு. கேளாத பரிசுக்குப் பணம் கட்டச் சொல்லும் கடிதம் மோசடியே என்பதை அங்கத்தினர்கள் ஐயமின்றி உணரவேண்டும்.

குப்பை பெருகுவதால் இடம் அடைபடுவது மட்டுமன்று. வேண்டிய காகிதம் வேண்டிய நாளில் அகப்படாமற் போவதே பெருந்தீங்கு. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. அப்பயனைப் பெற்ற அங்கத்தினர்கள் தள்ளுபடிக்குரிய சான்றை இன்று எடுத்துக் காட்ட முடியுமா? மற்றொன்றும் எண்ணத்தக்கது. குடும்பத் தலைவர் வங்கியில் பணம் போட்டது மனைவி மக்களுக்குத் தெரியாது. புத்தகமோ குப்பையில் மறைந்துகிடக்கிறது. அவர் காலமானபின் கேட்பார் எவர்? பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்பட்டுவிடும். உரியவர் பின்னரும் கோரிப் பெறலாம். ஆனால் கோருவதற்குத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

ஆகவே மூன்று கட்டுகளாகப் பிரித்து வைப்பது நலம். முதற்கட்டு என்றும் காக்கவேண்டியது: மூலப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றுகள், கல்விச் சான்றுகள், சங்கத்துப் பங்குச் சான்று, கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவை. நிலவரி, வீட்டுவரி ரசீதுகளையும் இதனுடன் சேர்க்கலாம். அனுபோகத்துக்கு அவை சாட்சியாகும். பட்டா நகலை அரசின் இணையதளத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம் அத்தகையதன்று.

இரண்டாங்கட்டு நடப்புக் கணக்கு: நெசவுக் கூலிப் புத்தகம், உர ரசீது, கடன் தவணைச் சீட்டு முதலியன. சாதாரணக் கடன் வழக்குக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கெடு மூன்று ஆண்டுகள் ஆதலின், கணக்குத் தீர்ந்தபின் அத்துணைக் காலமாவது இவற்றைக் காத்தல் வேண்டும். புரோநோட்டுக் கடனைத் தீர்த்தவுடன் நோட்டைத் திருப்பி வாங்கிவிடுவது அவசியம். இயந்திரத்தில் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான ரசீதுகளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். முக்கியமானவற்றுக்கு அன்றே நகல் எடுத்துக்கொள்க.

எஞ்சியது மூன்றாங்கட்டு. இது பெட்டிக்குள் புகாதவாறு வந்த அன்றே வாயிற்படியில் தடுக்கத்தக்கது. ஆதார், வங்கிக் கணக்கு எண் உள்ள நகல்களைக் கிழித்தே கழிக்கவேண்டும். அவை கடையில் கடலைப் பொட்டலமாக ஊர் சுற்றுவது நமக்கு நல்லதன்று. அச்சு மை உணவில் கலப்பது உடலுக்குத் தீங்கு. ஆதலால் செய்தித்தாளில் உணவைப் பொதிதலை 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுத்துள்ளன. மற்றவற்றைப் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடலாம். அண்டையிலுள்ள கரூர் மாவட்டத்துப் புகழூர்க் காகித ஆலையில் கரும்புச் சக்கையோடு பழைய காகிதமும் கூழாகிப் புதுக் காகிதமாகிறது. எரிப்பதைவிட இதுவே மேலானது.

போகியன்று பழையன கழிப்பது நம் மரபு. இவ்வாண்டு அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கணவனும் மனைவியும் பிள்ளைகளுடன் அமர்ந்து பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்களாக. எந்தக் கட்டில் எது உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுக. பெட்டியின் சாவி ஒருவரிடம் இருக்கலாம். அதனுள் இருப்பது என்னவென்னும் அறிவு இருவரிடமும் இருத்தல் வேண்டும். அதுவே குடும்பத்துக்கு உண்மையான பூட்டு.