அண்டை வீட்டாரின் காற்று

மனிதன் கட்டும் வீடு அவனுக்கு மட்டுமே உரியதன்று. அதன் சுவர் பக்கத்து வீட்டிற்கு நிழலாகவோ தடையாகவோ அமைகிறது. அதன் கழிவுநீர் பொதுத் தெருவைத் தொடுகிறது. அது வெளியேற்றும் வெப்பமும் எங்கேனும் ஓரிடத்தைச் சென்றடையவே செய்கிறது. ஆகவேதான் அண்டை வீட்டாரின் உரிமைகளை விரித்துரைக்கும் மார்க்க நூல்கள், பசித்தவருக்கு உணவளிப்பதையும் நோயுற்றவரை நலம் விசாரிப்பதையும் கூறுவதோடு நின்றுவிடவில்லை. அவருடைய சம்மதமின்றி, அவருக்கு வரும் காற்றை மறைக்குமாறு கட்டடத்தை உயர்த்தலாகாது என்பதையும் அவ்வுரிமைகளுள் ஒன்றாக எண்ணுகின்றன. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தமது ‘இஹ்யா’வில் இதனை எடுத்துரைத்துள்ளார்கள்.

காற்றையும் ஓர் உரிமையாகக் கருதிய இந்தச் சிந்தனை, நெருங்கிய சந்துகளும் அடுக்கடுக்கான வீடுகளும் நிறைந்த திருவல்லிக்கேணியில் இன்று பெரிதும் தேவைப்படுகிறது.

கடல் தந்த கொடை

கோடையில் நிலம் விரைந்து சூடேறுகிறது. கடலோ மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கரையேறி வருகிறது. நண்பகலுக்குப் பின் மெரீனாவைக் கடந்து நம் தெருக்களுக்குள் நுழையும் அந்தக் காற்று, விலையின்றி இறைவன் வழங்கிய கொடையாகும். அது தாமதிக்கும் நாள்களில் வெயிலின் கொடுமை எத்தகையது என்பதைச் சென்னைவாசிகள் நன்கறிவர்.

இந்தக் கொடையின் அருமையை உணர்ந்தே முன்னோர் கட்டடங்களை எழுப்பினர். 1768இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கனத்த சுவர்களும், உயர்ந்த கூரைகளும், வளைவுகளும் இதற்குச் சான்று பகரும். 1795இல் அவருடைய குடும்பத்தினர் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசல், மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் ஆனது. விரிந்த திறந்த வெளியும் நீர்த் தடாகமும் அதற்கு அழகும் குளிர்ச்சியும் சேர்க்கின்றன.

எளிய வீடுகளிலும் இந்த அறிவு இருந்தது. திண்ணை தெருவின் வெயிலை வாசலிலேயே தடுத்தது. நடுமுற்றம் வெப்பக் காற்றை மேலே அனுப்பிவிட்டு அறைகளுக்குள் புதுக்காற்றை ஈர்த்தது. ‘மதராஸ் டெரஸ்’ எனப் பெயர் பெற்ற தளத்தில், தேக்கு மரச் சட்டங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு அடித்து இறுக்கி, ஓடு பதித்தனர். பகல் வெயில் அந்தத் தடித்த தளத்தைக் கடந்து உள்ளே வருவதற்குள் மாலையாகி, கடற்காற்றும் வந்துவிடும்.

பிற நாட்டு முஸ்லிம்களும் இக்கலையில் வல்லவர்களாய் இருந்தனர். ஈரானின் யஸ்த் நகரத்து வீடுகளில் உயர்ந்த காற்றுக் கோபுரங்கள் மேல் வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குகின்றன. அதே நாட்டின் சீஸ்தான் பகுதியில் காற்றாலையால் மாவரைக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹீ (1900–1989), கெய்ரோவின் பழைய காற்று வாங்கிகளை ஆராய்ந்து, அவற்றை ஏழைகளின் வீடுகளுக்கும் பயன்படுத்தலாம் என எடுத்துக்காட்டினார்.

ஐஸ் ஹவுஸ் தரும் பாடம்

குளிர்ச்சியை வேறொரு வழியிலும் பெறலாம் என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு சின்னம் உண்டு. அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டூடர், பாஸ்டன் பகுதியின் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அதனைச் சேமித்து வைக்க 1842 வாக்கில் மெரீனாக் கரையில் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். உலகின் பாதியைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்து வந்த அந்தக் குளிர்ச்சி, விலை கொடுக்க வல்ல சிலருக்கே கிட்டியது. நீராவிப் பொறியால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் மறைந்தது. பின்னர் அக்கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், மனிதர் வாழ்வதற்கேற்ற வகையில் அதற்குப் பல சாளரங்களை அமைத்தார். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

பனிக்கட்டிக்கு வேண்டியது அடைபட்ட அறை. மனிதனுக்கு வேண்டியது காற்றோட்டம். நாமோ இன்று மனிதர் வாழும் வீடுகளையே பனிக்கட்டிக் கிடங்குகளாக ஆக்கி வருகிறோம்! சாளரங்களை அடைத்து, மெல்லிய கான்கிரீட் தளத்தின் கீழ் அமர்ந்து, குளிர்சாதனத்தின் துணையால் காலம் கழிக்கிறோம்.

வெப்பம் எங்கே செல்கிறது?

குளிர்சாதனம் குளிரைப் படைப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அவ்வாறு தள்ளுவதற்குத் தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாகவே அதனுடன் சேர்த்து வெளிவிடுகிறது. குறுகிய சந்தில் அந்த வெப்பம் செல்லுமிடம் எதிர்வீட்டுச் சாளரமே. அவ்வீட்டில் பால்குடி மாறாத குழந்தை இருக்கலாம். மூச்சுத் திணறும் முதியவர் இருக்கலாம். வேலை தேடி ஊர்விட்டு வந்து, மேன்ஷனின் மேல்மாடிச் சிற்றறையில் ஒரு மின்விசிறியை நம்பி உறங்க முயலும் இளைஞர் இருக்கலாம். நம் குளிர்ச்சி அவர்களுடைய புழுக்கமாக மாறுகிறது.

தொலைவிலும் நமக்கு அண்டை வீட்டார் உண்டு. சென்னைக்கு மின்சாரம் தரும் அனல் நிலையங்கள் நகரின் வடக்கே நிலக்கரியை எரிக்கின்றன. அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, மீனவ மக்களின் வாழ்வைப் பாதித்தது. அது குறித்த வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விசாரித்தது. அத்தீர்ப்பாயம் இயங்குவதோ சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹாலில்! நாம் வீணே எரியவிடும் ஒவ்வொரு விளக்கிலும் எண்ணூர் மக்களின் துயரம் ஒரு துளியேனும் கலந்திருக்கிறது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாது வலியுறுத்தியதைக் கண்டு, அவர்களுக்குச் சொத்திலும் பங்கு விதிக்கப்படுமோ என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பதை இங்கு நினைவுகூர்தல் நன்று.

செய்யத்தக்கவை

அப்படியாயின் வெயிலில் வாடத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. முதலில் தேவையைக் குறைத்தல், பின்னர் தூய மின்சாரத்தைத் தேடல் என்னும் ஒழுங்கே சிறந்தது.

கோடை தொடங்குமுன் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், வெயிலின் பெரும் பகுதியைத் தளம் திருப்பி அனுப்பிவிடும். மேற்குச் சாளரங்களுக்கு வெளிப்புறத்தில் தட்டியோ திரையோ இட வேண்டும். எதிரெதிர்ச் சாளரங்களை மாலையில் திறந்து வைக்க வேண்டும். மேன்ஷன்களையும் வாடகை வீடுகளையும் உடையோர் இவற்றைத் தம் கடமையாகக் கொள்வாராக. குடியிருப்போருக்கு மாடியின் மீது அதிகாரம் இல்லை.

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும், ‘பி.எல்.டி.சி.’ வகை மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். குளிர்சாதனம் இன்றியமையாத இடத்தில் அதனை 24 பாகைக்குக் கீழே இறக்காதிருக்கலாம். ஒவ்வொரு பாகையை உயர்த்தும்போதும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகிறது.

இதன் பின்னரே சூரிய மின்சாரம். நூறு சதுர அடி மாடியில் அமையும் ஒரு கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒன்றரை டன் குளிர்சாதனம் முழு வேகத்தில் இயங்கினால் மூன்று மணி நேரத்திற்குள் அதனை விழுங்கிவிடும். சிக்கன மின்விசிறிகளோ ஐந்து, இரவும் பகலும் அதே 4 யூனிட்டுக்குள் சுழலும். சிக்கனத்தை முதலிலும் சூரியனை அடுத்தும் வைப்பதன் காரணம் இதுவே. வீடுகளில் தகடுகள் அமைக்க, 2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என அறிவித்தது.

பள்ளிவாசல்களுக்கு இது இன்னும் பொருத்தமானது. லுஹரும் ஜும்ஆவும் அஸரும் சூரியன் ஒளிரும் வேளைகளே. மின்விசிறிகள் மிகுதியாகச் சுழலும் அதே நேரத்தில் மாடியிலும் மின்சாரம் விளைகிறது. எனினும், பத்துப் பேர் தொழும் வேளையில் மண்டபம் முழுவதும் விசிறிகளைச் சுழலவிட்டுவிட்டு மாடியில் தகடு பதிப்பதில் பயன் சிறிதே. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ இரு கை கொள்ளும் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்தார்கள். உறங்குமுன் விளக்கை அணைக்குமாறு பணித்தார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடலாம் என்பது அன்று கூறப்பட்ட காரணம். இன்றோ, நாம் அணையாது விடும் விளக்கு வேறோர் ஊரின் காற்றைக் கெடுக்கிறது.

மாடியைக் கட்டுமுன், சாளரத்தை அடைக்குமுன், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியைச் சுவரில் பொருத்துமுன், எதிர்வீட்டை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோமாக. அவர்களுக்குரிய காற்றை அவர்களுக்கே விட்டுவைக்கும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.