பிளானட் சூ: விலங்குக் காட்சிச்சாலை அமைக்கும் கணினி விளையாட்டு

பிளானட் சூ என்பது ஒரு விலங்குக் காட்சிச்சாலையைக் கட்டி நிர்வகிக்கும் கணினி விளையாட்டு ஆகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த பிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் இதனை உருவாக்கி, 2019 நவம்பர் 5 அன்று விண்டோஸ் கணினிகளுக்காக வெளியிட்டது. 2024 மார்ச்சில் பிளேஸ்டேசன் 5 முதலிய விளையாட்டுக் கருவிகளுக்கும் வந்தது. இதில் சண்டையோ பந்தயமோ இல்லை. நிலத்தைத் திருத்தி, வேலியிட்டு, விலங்குகளைக் குடியமர்த்தி, பணியாளர்களை நியமித்து, வரும் வருமானத்தில் காட்சிச்சாலையை நடத்த வேண்டும். இவ்விளையாட்டு இயங்கும் முறையையும், நம் நாட்டு உயிரியல் பூங்காக்களோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னோடி

இவ்வகை விளையாட்டுகளைப் பரவலாக அறியச் செய்தது சூ டைக்கூன். புளூ ஃபேங் கேம்ஸ் உருவாக்கிய இதனை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்டது. இதன் இரண்டாம் பாகம் 2004இல் வந்தது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு வந்த புதிய சூ டைக்கூனை உருவாக்கியது பிரான்டியர் நிறுவனமே. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே பிளானட் சூவைக் கொள்ளலாம்.

வாழிடம் அமைத்தல்

விளையாடுபவர் முதலில் ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற வாழிடத்தை அமைக்கிறார். இந்திய யானை, வங்கப் புலி, இந்தியக் காண்டாமிருகம், மயில், கரியால் எனப்படும் சொம்புமூக்கு முதலை ஆகிய நம் நாட்டு உயிரினங்களும் இதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பரப்பு, என்ன தரை, எத்தகைய செடிகொடிகள், எவ்வளவு வெப்பம், எத்தனை துணை விலங்குகள் தேவை என்பதைத் திரையில் காணலாம். தேவை நிறைவேறாவிட்டால் விலங்கின் நலன் குறையும்.

மனிதர்கள் ஓயாமல் உற்றுப் பார்ப்பதும் சில விலங்குகளுக்கு மன உளைச்சலைத் தரும். அதைத் தவிர்க்க, ஒளிந்துகொள்ள மறைவிடமோ ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடியோ வைக்கலாம். மரமேறும் விலங்கு தாண்டாதபடி வேலி இருக்க வேண்டும். பழுதான வேலியைச் சரிசெய்யாவிட்டால் விலங்கு தப்பிவிடும்.

முதன்முறை விளையாடும் மாணவர்கள் பெரும்பாலும் தமக்கு அழகாகத் தெரியும் கூண்டைக் கட்டிவிட்டு, பிறகு விலங்கை அதில் விடுகிறார்கள். சிறிது நேரத்தில் எச்சரிக்கைகள் வரத் தொடங்கும். விலங்கின் தேவையை முதலில் படித்துவிட்டுப் பிறகு கட்ட வேண்டும் என்பதே இவ்விளையாட்டு கற்பிக்கும் முதல் பாடம்.

வரவு, செலவு, மேற்பார்வை

நுழைவுக் கட்டணம், உணவுக் கடைகள், வாழிடங்களின் அருகே உள்ள நன்கொடைப் பெட்டிகள் ஆகியவை வருமானம் தருகின்றன. பராமரிப்பாளர், கால்நடை மருத்துவர், பழுதுபார்ப்பவர், துப்புரவாளர், காவலர் ஆகியோருக்குச் சம்பளம் தர வேண்டும். விலங்கு நலன் குறைந்தால் எதிர்ப்பாளர்கள் பதாகையுடன் கூடுவார்கள், ஆய்வாளரும் வருவார்.

இந்தியாவில் இத்தகைய மேற்பார்வையைச் செய்வது மத்திய உயிரியல் பூங்கா ஆணையம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் 1992இல் அமைக்கப்பட்ட இதன் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது. பூங்கா விலங்கைச் சீண்டுவதும், அதற்கு உணவு போடுவதும், கூச்சலிட்டுத் தொந்தரவு செய்வதும் இச்சட்டப்படி குற்றம். வாரத்தில் ஒரு நாள் பார்வையாளர்களை அனுமதிக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. வண்டலூருக்கும் பன்னேர்கட்டாவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை விடப்படுவது இதனால்தான்.

இனப்பெருக்கமும் மரபும்

விளையாட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் உடல் அளவு, ஆயுள், கருவளம், நோய் எதிர்ப்பு ஆகிய நான்கு மரபுப் பண்புகள் உண்டு. நெருங்கிய உறவுள்ள விலங்குகள் இணைந்தால் குட்டிகளின் பண்புகள் நலியும். நம் ஊரில் ஆடு வளர்ப்போர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுவதும் இதே காரணத்தால்தான். இந்தியப் பூங்காக்களில் அரிய விலங்குகளின் தாய், தந்தை, பிறப்பு, இறப்பு விவரங்கள் தேசிய வம்சாவளிப் பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. எந்த ஆணுடன் எந்தப் பெண்ணைச் சேர்ப்பது என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

விளையாட்டு எளிமையாக்கிய இடங்கள்

முதலாவது, விலங்கைப் பெறும் முறை. விளையாட்டில் சந்தைக்குச் சென்று விலங்கை வாங்கலாம், விற்கலாம். இந்தியாவில் ஒரு பூங்கா காட்டு விலங்கைப் பெறவும் வேறிடத்துக்கு மாற்றவும் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். பூங்காக்கள் தமக்குள் விலங்குகளைப் பரிமாறிக்கொள்வதே வழக்கம். மீட்கப்பட்ட விலங்குகளும் வந்து சேர்கின்றன. தெருவில் வித்தை காட்ட வைத்திருந்து மீட்கப்பட்ட கரடிகள் பல, பன்னேர்கட்டாவிலுள்ள கரடி மறுவாழ்வு மையத்தில் பராமரிக்கப்படுகின்றன.

இரண்டாவது, காட்டில் விடுதல். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் விலங்கு காட்டுக்குச் சென்றுவிடும். விளையாடுபவருக்குப் பாதுகாப்புப் புள்ளிகள் கிடைக்கும். உண்மையில் இது நீண்ட பணி. 1975இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தில் சொம்புமூக்கு முதலையின் முட்டைகளை ஆற்றங்கரையில் சேகரித்துப் பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளைச் சில ஆண்டுகள் வளர்த்த பிறகே சம்பல் முதலிய ஆறுகளில் விட்டார்கள். விட்ட ஆற்றில் மணற்கரையும் மீனும் இல்லையென்றால் அவ்வளவு உழைப்பும் வீணாகும்.

மூன்றாவது, நோய். விளையாட்டில் நோயுற்ற விலங்கைத் தனிமைப்படுத்தி, மருத்துவரைக் கொண்டு குணப்படுத்தலாம். 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டு, இரண்டு சிங்கங்கள் இறந்தன. மனிதரிடையே பரவும் நோய் விலங்கையும் தாக்கும் என்பதை அப்போது தமிழ்நாடு நேரில் கண்டது.

நான்காவது, யானை. விளையாட்டில் யானைக்குப் பெரிய வாழிடம் கட்டினால் போதும். ஆனால் 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், பூங்காக்களில் உள்ள யானைகளை வனத்துறை முகாம்கள் போன்ற இடங்களுக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது. நெடுந்தூரம் நடந்து வாழும் விலங்குக்குப் பூங்காவின் பரப்பு போதாது என்பதே அதன் அடிப்படை.

வேலிக்கு வெளியே

விளையாட்டில் காட்சிச்சாலையின் எல்லையோடு உலகம் முடிந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு வெளியே ஊரோ வயலோ சாலையோ இல்லை. ஓசூர் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை எளிதில் காட்டலாம்.

ஓசூருக்கு அருகிலுள்ள பெரிய உயிரியல் பூங்கா, ஆனேக்கல் வழியாகச் செல்லும் பன்னேர்கட்டா. பூங்காவை அடுத்தே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காடு விரிகிறது. மாநில எல்லைக்கு இப்பால் அது தளி, ஜவளகிரி காடுகளோடு தொடர்கிறது. யானைகளுக்கு இது ஒரே காடுதான். ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை கர்நாடகக் காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு வருகின்றன. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவிட்ட இப்பகுதியில் அவை பெங்களூரு நெடுஞ்சாலையையும் கடக்க வேண்டியுள்ளது. விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்துப் பயிரைக் காக்கிறார்கள். மனிதர்களும் இறக்கிறார்கள், யானைகளும் இறக்கின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் உயிரிழந்தன. அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின.

காடுகளைக் காக்க, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பகுதிகளை உள்ளடக்கிய காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. யானை நடக்கும் வழி திறந்திருப்பதும், உழவரின் பயிர் பிழைப்பதும் ஒருங்கே நடக்க வேண்டும். எந்தப் பூங்காவின் வேலியாலும் இதைச் செய்ய இயலாது.

மாணவர்களுக்கு

இவ்விளையாட்டு கணினியில் இல்லாதவர்களும் அதன் முறையைப் பயன்படுத்தலாம். ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதன் இடம், உணவு, நீர், நிழல், துணை, மறைவிடம் ஆகிய ஆறு தேவைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை பன்னேர்கட்டாவுக்கோ வண்டலூருக்கோ சேலம் குரும்பப்பட்டிக்கோ செல்லும்போது அந்தத் தாளை எடுத்துச் சென்று, விலங்கின் கூண்டருகே அமைதியாகப் பத்து நிமிடம் நின்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பின்பு அதே ஆறு தேவைகளையும் ஜவளகிரிக் காட்டு யானைக்குப் பொருத்தி எழுதுங்கள். இடம் என்ற முதல் வரியை நிரப்ப முயலும்போதே, நம் ஊர்ச் சாலையும் வயலும் தொழிற்பேட்டையும் அந்தத் தாளுக்குள் வந்துவிடும்.