உப்புக் காற்றும் ஒரு டப்பா பெயிண்டும்

இராமேஸ்வரம் தீவில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பெயிண்ட் பற்றிய நினைவு வருவது எஃப்.சி. தேதி நெருங்கும்போதுதான். முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் காட்டியாக வேண்டும். பட்டறைக்குக் கொடுக்கப் பணம் போதாதவர்கள், மீன் ஏற்றும் குட்டியானையையோ ஐஸ் ஏற்றும் மினி லாரியையோ வீட்டு வாசலிலேயே நிறுத்தித் தாங்களே அடித்துவிடுகிறார்கள். "அப்படியே ஒரு கோட்டு ஓட்டிரு தம்பி, எஃப்.சி. முடிஞ்சாப் போதும்" என்பதுதான் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு. அடுத்த மழைக்குள் கதவின் அடி விளிம்பில் கொப்புளம் எழும்பும். அதைக் கீறினால் செந்நிறத் தண்ணீர் வடியும். பழி பெயிண்ட் கம்பெனி மேல் விழும்.

பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு அடியில் பூட்டிவைத்த உப்புதான் வேலையைக் காட்டுகிறது. கடற்கரையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது என்பது முக்கால்வாசி உப்பைக் கழுவும் வேலை. அந்த வேலைக்குப் பணத்தைவிடப் பொறுமையும் நல்ல தண்ணீரும் சரியான நேரமும்தான் தேவை. ஆகவே, சொந்தமாக வீட்டில் அடிப்பவரால் அவசரப் பட்டறை வேலையைவிட நன்றாகவே அடிக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் எதிரியின் பலத்தைப் பார்த்துவிடுவோம். உலகிலேயே அதிகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் மியாமிக்கு அடுத்தது பாம்பன்தான் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தரவரிசை எப்படியோ போகட்டும், பாலமே போதுமான சான்று. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு ஓயாத பராமரிப்பும் பூச்சு வேலையும்தான் காரணம். கடைசியில் அதன் தூக்குப் பகுதி வலுவிழந்து, 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் என்ற உயர்தரப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள மண்டபம்.

காற்று எவ்வளவு அரிக்கும் என்பதை அளக்க உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. சில வகைகளை வைத்திருக்கிறது. உப்புக் காற்று வீசும் கடற்கரை சி5 என்ற வகையில் வரும். அங்கே பூச்சில்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் மட்டும் 80 முதல் 200 மைக்ரான் வரை கரைந்துபோகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வண்டியின் கதவுத் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், அதாவது 800 மைக்ரான். ஒரு பக்கம் மட்டும் 200 மைக்ரான் வீதம் போனால் நான்கு ஆண்டு. இரு பக்கமும் போனால் இரண்டே ஆண்டு. போகப்போக வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் துரு தகடு முழுவதையும் ஒரே சீராகத் தின்பதில்லை. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு குழி தோண்டும். அதனால் ஓட்டை முன்பாகவே விழுந்துவிடும்.

உப்பு எப்படி வண்டிக்கு வருகிறது? அலை உடையும்போது எழும் நுரையின் குமிழிகள் வெடித்து, நுண்ணிய உப்புநீர்த் திவலைகளைக் காற்றில் வீசுகின்றன. பெரிய திவலைகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். உள்நாட்டு ஊர்களுக்கு இது ஒரு காப்பு. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் என்று இருக்கும் இராமேஸ்வரத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும். தீவின் நுனியிலுள்ள அரிச்சல்முனைச் சாலையில் போய்வரும் வண்டிமேல் விரலை வைத்துத் தேய்த்தாலே பிசுபிசுப்பது தெரியும்.

அந்தப் பிசுபிசுப்பில்தான் முக்கியமான அறிவியல் இருக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கரைந்துவிடும். தீவில் காற்று அவ்வளவு வறண்டுபோவது மிக அரிது. ஆகவே உப்புப் படிந்த இரும்பு, கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், இரவும் பகலும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தின் அடியில்தான் இருக்கிறது. மீன் வண்டியின் தொட்டியில் ஐஸ் உருகி வழியும் நீர் இதைப் பல மடங்காக்குகிறது.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். துரு என்பதே ஒரு சின்ன மின்கலம் என்று 1920களில் கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் ஓர் எளிய சோதனையில் காட்டினார். எஃகின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். சொட்டின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைய, விளிம்பில் ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. தகடு மடங்கும் இடங்களிலும் போல்ட் அடியிலும் சேறு அப்பிய மூலைகளிலும் துரு முதலில் வருவதற்கு இதுவே காரணம். காற்றோட்டமில்லாத இடமே கரையும் இடம்.

பெயிண்டுக்கு அடியில் உப்பு சிக்கினால் என்ன ஆகும்? எந்தப் பெயிண்டும் நீராவியை முழுவதுமாகத் தடுப்பதில்லை. மிக மெதுவாக உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் சவ்வூடுபரவல் தொடங்கிவிடும். வெளியிலுள்ள மழைநீரையும் பனிநீரையும் உப்பு உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் கொப்புளம். துருவோ தான் தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் பெயிண்ட் உரிந்து மேலெழும்புகிறது. துருமேல் நேராக விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் இதே கதைதான்.

ஆகவே வேலை தண்ணீரில் தொடங்க வேண்டும். இங்கே ஓர் இராமநாதபுரத்துச் சிக்கல் இருக்கிறது. பல வீடுகளின் கிணறும் போர்வெல்லும் உவர்நீர். அதில் கழுவினால் சேறு போகும், உப்பு போகாது. முதல் கழுவலை எந்தத் தண்ணீரிலும் சோப்புப் போட்டுச் செய்யலாம். கடைசி அலசலை மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ செய்யுங்கள். குடிநீர் வடிகட்டி பழுதுபார்ப்பவர்கள் கையில் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் விலை மலிவானது. கேட்டால் இரவலாகக்கூடக் கிடைக்கும். ஊற்றுவதற்கு முன் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். தகட்டில் ஓடி வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்து மறுபடி அளந்துபாருங்கள். எண் கூடியிருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. கப்பல் கட்டும் தளங்களிலும், பூச்சுக்கு முன் எஃகில் ஒட்டிய உப்பை நீரில் கரைத்து, அதன் மின்கடத்தும் திறனைத்தான் அளக்கிறார்கள். தத்துவம் ஒன்றே.

பிறகு சுரண்டல். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், வாட்டர் பேப்பர். பொருக்குத் துரு முழுவதும் போய், இறுகப் பற்றியிருக்கும் கருந்துரு மட்டும் மிஞ்சும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். எனவே தேய்த்தபின் மறுபடி ஓர் அலசல், உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தல். பழைய பெயிண்டைத் தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டிப்போட்டது. வாகனப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

எட்டாத மூலைகளில் மிஞ்சும் துருவுக்கு டானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த துரு மாற்றி கடையில் கிடைக்கிறது. டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து நீலக்கருப்பான, கரையாத சேர்மமாக மாறும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். ஆனாலும் துரு மாற்றி உப்பை அகற்றாது. கழுவாமல் அதைத் தடவுவது காசைக் கொட்டுவதுதான்.

பிரைமர் வாங்கும்போது டப்பாவின் லேபிளைப் படியுங்கள். ரெட் ஆக்சைடு என்பது வெறும் இரும்பு ஆக்சைடு நிறமி. அது ஒரு திரையாக நிற்கும், அவ்வளவே. துருவை வேதியியல் முறையில் தடுப்பது அதனுடன் சேர்ந்திருக்கும் துத்தநாக உப்பு. ஜிங்க் பாஸ்பேட் உள்ளதை வாங்குங்கள். ஜிங்க் குரோமேட்டும் நன்றாகத் தடுக்கும், ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வீட்டு வாசலில் அதற்கு இடம் வேண்டாம். துத்தநாகப் பொடி நிறைந்த பிரைமர் வேறொரு வகை. அதில் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கப்பல் அடித்தளத்தில் இருந்த செப்புத் தகட்டை இதே வழியில் காக்கலாம் என்று 1824இல் ஹம்ப்ரி டேவி காட்டியிருக்கிறார். ஆனால் துத்தநாகப் பிரைமர் பளிச்சென்ற எஃகைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருமேல் தடவினால் பயன் இல்லை. அந்தப் பிரைமரின்மேலும், தொட்டியில் அடித்த துத்தநாகம் பூசிய தகரத்தின்மேலும் எனாமலை நேராக அடிக்கக் கூடாது. எனாமலின் எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகி, பெயிண்ட் பாளம் பாளமாக உரியும். நடுவில் ஓர் எபாக்சி பிரைமர் வேண்டும். தகரத்தில் பெயிண்ட் நிற்காது என்ற புகாருக்கு விடை இதுதான்.

விளிம்பு, வெல்டிங், போல்ட் தலை ஆகியவற்றில் பெயிண்ட் தானாகவே மெலிந்துவிடும். அவற்றுக்கு மட்டும் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட்டு கொடுத்துவிட்டுப் பிறகு முழுவதும் அடியுங்கள். கப்பல் தளங்களில் இது கட்டாய விதி. பட்டியை ஒருபோதும் துருமேல் வைக்காதீர்கள். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைப் பட்டியாலும் பெயிண்டாலும் அடைத்துவிடுவது பலரும் செய்யும் பெரிய கேடு.

நேரம்? தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. இங்கே அதற்குத் தோதானது காலை வெயில் ஏறியபின் தொடங்கி மாலைக்குள் முடிப்பது. வெயிலில் கொதிக்கும் தகட்டிலும் அடிக்கக் கூடாது, நிழலுக்கு நகர்த்துங்கள். இரவு முழுவதும் பிரைமரோடு விட்டால் அதன்மேல் புதிதாக உப்புப் படியும். காலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, அதன் பிறகே அடுத்த கோட்டு.

மேல் பூச்சுக்குச் சிக்கனக்காரரின் தேர்வு சிந்தெடிக் எனாமலும் ரோலரும்தான். சாதாரண ஸ்பிரே கன்னில் பாதிக்கும் மேல் பெயிண்ட் காற்றோடு போய்விடும், அதுவும் இந்தக் காற்றில். பளபளப்பும் ஆயுளும் கூடிய டூ கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அதை மூச்சில் இழுப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். துணி முகமூடி அதைத் தடுக்காது. அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலம் 100 மைக்ரான். பெயிண்டில் பாதி திடப்பொருள் என்றால் காய்ந்தபின் 50 மைக்ரான். டேப் பிடித்து வண்டியின் பரப்பை அளந்தால், கடைக்காரர் சொல்வதை நம்பத் தேவையில்லை. தின்னரை அதிகம் ஊற்றினால் பரப்பு கூடியதுபோல் தெரியும், தடிமன் குறைந்துவிடும். கடற்கரையில் தடிமன்தான் ஆயுள். எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. எனவே ஒரே தடித்த கோட்டு மேலே தோல் கட்டிச் சுருங்கும். மெல்லிய கோட்டுகளாகவே அடிக்க வேண்டும்.

நிறத்தில் வெளிர் நிறம் நல்லது, சூடு குறையும். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சையை மற்றவர்கள் அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒளிர் பட்டைகளின் மேல் பெயிண்ட் படக் கூடாது.

அடித்து முடித்த வண்டியை வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில், சேஸிஸ் அடியிலும் சேர்த்து, அலசுங்கள். கல் தெறித்து விழும் கீறலை அன்றன்றே ஒரு துளி பிரைமரால் மூடிவிடுங்கள்.

பாலத்துக்காக இந்த மண்ணில் அவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதே அறிவு ஒற்றை வண்டியை நம்பி வாழும் ஓட்டுநருக்கும் போய்ச்சேர வேண்டும். காரைக்குடி ஆய்வகமும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து, எந்தப் பிரைமர், எந்தத் தண்ணீர், எந்த நேரம் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, எஃப்.சி.க்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும்.